ஜெகநாதன் மெஸ் எதிரில்

நசீருதீனின் பிரியாணிக் கடைக்கு மகள் நிதா ஃபேஸ்புக்கில் போட்ட விளம்பரத்தில் எல்லாம் இருந்தது, கடை எங்கே என்பதைத் தவிர. "துகான் கிதர் ஹை, பாய்?" என்று ஊரே கேட்டது.

லைக் போட்ட ஒவ்வொருவருக்கும் நசீருதீன் தனித்தனியாக நன்றி எழுதிக்கொண்டிருந்தார். இந்த மாதமும் வியாபாரம் படுத்தால் கடையை மூடிவிட்டு, தீவை விட்டு மெயின்லேண்டுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அந்த நிலைமையில் லைக் போட்டவரெல்லாம் அவருக்குச் சொந்தக்காரராகத் தெரிந்தார்கள்.

"அடையாளம் போடணும் அத்தா. எதிர்ல என்ன இருக்கு?"

"ஜெகநாதன் மெஸ். அது தெரியாதவன் பாம்பூஃப்ளாட்ல யாரு?"

'ஜெகநாதன் மெஸ் எதிரில்' என்று நிதா சேர்த்தாள். மறுநாள் ஃபெரியை விட்டு இறங்கிய கூட்டம் நேராக ஜெகநாதன் மெஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்தது.

"வீடியோ எடுப்போம் அத்தா. முகம் தெரிஞ்சா வருவாங்க."

நசீருதீன் வாசலில் நின்று சிரித்தார். கடைக்குள்ளிருந்து எடுத்ததால், அவர் தோளுக்குப் பின்னால் எதிர்மெஸ்ஸின் வரிசை பளிச்சென்று விழுந்தது. அதைப் பார்த்தவர்களும் அந்த வரிசையிலேயே போய் நின்றார்கள்.

அடுத்து, விளம்பரத்தைக் காட்டினால் டீ இலவசம் என்றாள். வந்தவர்கள் ஜெகநாதனிடம் காட்டினார்கள். அந்த மனுஷனும் முகம் சுளிக்காமல் டீ கொடுத்தார்.

"என்னங்க, ஒரு சங்கதி சொல்லணும்" என்று அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள் மனைவி ரம்ஜான் பீவி.

"இரு, இன்னும் நாலு பேருக்கு நன்றி சொல்லணும்."

இப்படியே ஒரு வாரம் ஓடியது. கடையில் ஈ கூட உட்காரவில்லை. மகளைத் திட்ட நசீருதீனுக்கு வாய் வரவில்லை. சோறு தண்ணி பார்க்காமல் பிள்ளை பாடுபட்டிருக்கிறாள். அந்த நன்றியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காக இவ்வளவு செஞ்சியேம்மா, அதுவே பெருசு. போதும், மூடிருவோம்."

சொல்லிவிட்டு, மனைவியிடமும் ஒரு வார்த்தை சொல்ல அடுக்களைக்குள் போனார். அங்கே ஜெகநாதன் மெஸ்ஸில் பரிமாறும் சுகுணா, பின்வாசலில் பெரிய காலிச் சட்டியோடு நின்றிருந்தாள்.

"மூடிட்டா நாங்க என்ன பண்றது பாய்? விளம்பரத்தப் பாத்துட்டு எங்க மெஸ்ஸுக்கு வர்ற அத்தன பேரும் உங்க பிரியாணியத்தான் கேக்குறாங்க, ஒரு வாரமா பீவி அக்காகிட்டதான் சட்டி சட்டியா வாங்கிப் போடுறோம்."