அறுந்ததைக் காட்டினால் புதியது

நேர்மைக்கு ஒரு தலைநகரம் தேவைப்பட்டால் வருசநாட்டைப் பரிசீலிக்கலாம். எங்கள் மலையோர விவசாயிகள் நலச் சங்கத்தில் ஒரு திருகாணிகூடப் பொய்க் கணக்கில் வாங்கப்பட்டதில்லை. பழைய சாமான் செத்துப்போனதை நிர்வாகிகள் அனைவரும் கண்ணால் பார்த்த பிறகே புதியது வாங்குவோம். அதுதான் விதி.

2007இல் சங்கத்துக்கு ஒரு டீசல் கார் இருந்தது. பிரசவத்துக்குப் பெண்களைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதன் 'மக்கள் பணி'. ஆவணியில் மெக்கானிக் திலீபன் இன்ஜின் பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டைக் காட்டினான்.

"பல்லெல்லாம் வெடிச்சிருக்கு தலைவரே. அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிரும். மாத்துற வரைக்கும் ஓட்டாதீக."

தலைவர் விஜயபாண்டி விரலால் இழுத்துப் பார்த்தார். "இன்னும் அறுகலையேப்பா?"

"இதென்ன செருப்பு வாரா, அறுந்தப்புறம் தைச்சுக்கிற?"

"அதுக்காக, உசுரோட இருக்கிறதுக்குக் கருமாதி பண்ணச் சொல்றியா?"

அவசரக் கூட்டம் கூடியது. நிர்வாகிகள் வரிசையில் நின்று பெல்ட்டை இழுத்துப் பார்த்தோம். பொருளாளர் ராஜமணி குனிந்து மோந்து பார்த்து, "வாசனையெல்லாம் நல்லாத்தேன் இருக்கு" என்று தொழில்நுட்பக் கருத்து வழங்கினார். 'உயிருடன் உள்ளது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் அதை நான்தான் முன்மொழிந்தேன்.

புரட்டாசியில் சுப்புத்தாய்க்குப் பிரசவ வலி எடுத்தது. கார் கம்பீரமாகக் கிளம்பி, மயிலாடும்பாறை தாண்டியதும் படக்கென்று நின்றது. சாவியைத் திருகினால் இன்ஜின் வெறுமனே சுற்றியது. புருஷன் சின்னக்கருப்பு ரோட்டில் ஓடி, ஒரு தக்காளி வேனை மறித்துக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் தாயை மட்டும் காப்பாற்றினார்கள்.

அடுத்த கூட்டத்தில் அறுந்த பெல்ட் தாம்பாளத்தில் வைக்கப்பட்டது. அனைவரும் பார்த்தோம்.

"இப்ப வாங்கலாம்" என்றார் தலைவர், நிம்மதியாக. "நாளைக்கு ஒருத்தன் நம்மளப் பாத்து விரல் நீட்ட முடியுமா?"

"இன்ஜினே போச்சு" என்றான் திலீபன். "புது பெல்ட்ட எங்கன மாட்ட? ஒங்க இடுப்புலயா?"

"அப்ப இன்ஜினையும் கழட்டிக் கொண்டாந்து காட்டு. பாத்துட்டு முடிவெடுப்போம்."

வாசலில் சுப்புத்தாய் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எல்லாரும் பாத்துட்டீகளா? எம்பிள்ளையப் பொதச்சாச்சு. தோண்டிக் கொண்டாந்து இந்தத் தட்டுல வைக்கவா?"

அவர் கேட்டது விதிப்படி சரியான கேள்வி. சாவைக் கண்ணால் பார்க்காமல் எங்கள் சங்கம் எதையும் நம்புவதில்லை.