ஆறுமுகப் பாரமீசியம்

“சார், இது சாமி சார்!” என்றாள் மோனிஷா, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தீனதயாளன் திடுக்கிட்டார். திருத்தணியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் புகட்டும் அவர், மூன்றாண்டுகளாகப் பீரோவுக்குள் சிறையிருந்த அந்த நுண்ணோக்கியை வாதாடி மீட்டவர். அவர் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் விழுந்துவிட்டார்கள். கிருத்திகை முடிந்து பாட்டில் பாட்டிலாக வகுப்புக்குள் வலம்வந்த கோயில் குளத்துத் தீர்த்தமே அதற்குக் காரணம் என்பது அவர் தீர்ப்பு. மதியத்துக்குள் அதை மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் நுண்ணோக்கி மறுபடி பீரோவுக்குள் போகும் என்பது தலைமையாசிரியர் கோதண்டபாணியின் கட்டளை.

ஆகவே, மிச்சமிருந்த தீர்த்தப் பாட்டிலைக் காலையிலேயே ஆய்வக உதவியாளர் பரந்தாமனிடம் கொடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைக்கச் சொல்லியிருந்தார். பகுத்தறிவின் பீரங்கி தயார். அது பின்பக்கமாக வெடிக்கும் என்று யார் கண்டார்?

“சாமியும் இல்ல, பூதமும் இல்லம்மா. அது பாரமீசியம். உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல். எத்தன இருக்கு, எண்ணு.”

“ஆறு சார்! தண்ணியிலயே மெதந்துகினு இருக்கு!”

பொய்கையில் மிதந்த ஆறு குழந்தைகளின் கதையைத் தாய்ப்பாலோடு பருகிய ஊர் அது. முதல் பெஞ்சு முழுவதும் செருப்பைக் கழற்றியது.

“ஆறுன்றது தற்செயல்! அதுக்கு அம்மா அப்பாவே கெடையாது. ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு தானாவே பொறக்கும்!”

“சுயம்பு சார்!” என்று முழங்கியது கடைசிப் பெஞ்சு.

“அட, குட்டையிலயும் இருக்கும், சாக்கடையிலயும் இருக்கும்!”

“எங்கும் நெறஞ்சவரு!”

“வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாதுடா!”

“அதான் சார் எங்கம்மாவும் சொல்லுது.”

அறிவு ஏணி ஏணியாகச் சாத்திற்று. பக்தியோ ஒவ்வோர் ஏணியிலும் ஏறிவந்து சம்மணமிட்டு அமர்ந்தது.

“வடிவத்தயாவது பாருங்க! செருப்பு மாதிரி இல்ல? செருப்ப யாராவது கும்புடுவாங்களா?”

கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

“பாதுகை!” என்று நாற்பது தொண்டைகள் கூவின.

கூவல் சத்துணவுக் கூடத்தை எட்டியது. சமையல் செய்யும் சின்னம்மாள் குழம்புக் கரண்டியில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு வந்தே விட்டார்.

“எங்க கீறாரு சாமி, நைனா? தள்ளு தள்ளு, நானும் ஒரு வாட்டி பாத்துக்கறேன்.”

“அக்கா, கற்பூரத்த அணைங்க! லென்ஸ் போயிடும்!”

“தீபாராதனைய நடுவுல அணைக்கறதா? நல்லா கீதே உங்க படிப்பு!”

தீனதயாளன் கடைசிக் கணக்கைப் போட்டார். “இன்னும் கொஞ்ச நேரம் போனா ஒண்ணு ரெண்டாயி மொத்தம் ஏழு ஆயிடும். அப்பவும் ஆறுமுகம்னு சொல்லுவீங்களா?”

“ஏழாவது வள்ளியம்மா, நைனா. எட்டாவது தெய்வானை. ரெண்டு பேரும் வராம இவரு மட்டும் தனியா குந்திகினு இருப்பாரா?”

இனி வாதமில்லை, போர்தான். அயோடின் புட்டியை எடுத்தார். ஒரே சொட்டு. ஆறும் அசைவற்று நின்றன.

“செத்துப்போச்சு! எல்லாரும் பாருங்க! சாமி சாகுமா?”

சின்னம்மாள் குனிந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சாவல நைனா. கோவம் தணிஞ்சு ஒக்காந்துட்டாரு. அவரு சினம் தணிஞ்ச ஊருதான இது?”

எங்கிருந்தோ வந்த தேங்காய் ஒன்று ஆய்வக மேசையின் விளிம்பில் உடைந்தது. ஓசை கேட்டு ஓடிவந்தார் கோதண்டபாணி.

“இன்னா சார் இது? லேப்பா, கோயிலா?”

“நீங்களே பாருங்க சார்! பதினோரு புள்ளைங்களப் படுக்க வெச்ச தண்ணி இதுதான்!”

கோதண்டபாணி குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த முகமாக இருந்தது.

“அடக் கர்மமே! இதயா புள்ளைங்க குடிச்சிதுங்க? நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். நுண்ணோக்கி வெளியவே இருக்கட்டும். டேய், எல்லாரும் கேளுங்க! இனிமே ஒருத்தனும் தீர்த்தத்தத் தொடக் கூடாது. நம்ம ஸ்கூல் டேங்க் தண்ணிதான். இன்னியிலேர்ந்து ஆளுக்கு ரெண்டு டம்ளர், கட்டாயம்!”

தீனதயாளனின் மார்பு விரிந்தது. ஆயிரமாண்டு இருட்டைத் தனியொருவனாக ஒரு சொட்டு நீரில் மூழ்கடித்த பெருமிதத்தோடு கையை உயர்த்தினார்.

“பரந்தாமா! அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கறதச் சாக்கடையில ஊத்துய்யா!”

பரந்தாமன் பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டார். “தீர்த்தத்தக் கீழ ஊத்தலாமா சார், பாவம்! கண்ணாடியில ஊத்தவே மனசு வராம காலையிலயே மொத்தத்தயும் நானே குடிச்சிட்டேன், கல்லு மாதிரி கீறேன். நீங்க பாத்துகினு இருக்கறது நம்ம டேங்க் தண்ணி சார்.”