படத்தில் வந்த ஒல்லி ஆள்

தொண்ணூற்றெட்டு சதவீதம் வரை ஓடிவந்த பச்சைக் கோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஃபோர்மேன் லேப்டாப்பின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

பஸ் பணிமனையில் முப்பது வருஷம் எஞ்சின்களைத் தட்டி எழுப்பிய கை அது. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் பேர் மட்டும் ஃபோர்மேன் என்றே நின்றுவிட்டது. கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சனிக்கிழமை மகள் வருகிறாள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் ஓடியதையும் பரிசு வாங்கியதையும் புது டிவியில் பார்க்க வேண்டுமாம். எல்லாம் பழைய வீடியோ கேமராவில் இருந்தது. ஆனால் அந்த ஃபார்மட்டை டிவி ஏற்க மாட்டேன் என்றது.

"கடையில குடுத்து மாத்திடுங்கப்பா" என்றாள் மகள் போனில்.

"குடுத்தா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குவான்."

"நான் ஓடினதை வெச்சு அவன் என்னப்பா பண்ணுவான்?"

"அது அவனுக்குத்தான் தெரியும்."

மகள் ஒரு இலவச சாஃப்ட்வேரை அனுப்பினாள். இலவசம் என்றதுமே ஃபோர்மேனுக்குச் சந்தேகம். எவன் சும்மா கொடுப்பான்? லேப்டாப்பின் கேமராக் கண்ணை பிளாஸ்டர் ஒட்டி மூடிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்.

ஆறு ஃபைல் ஒழுங்காக முடிந்தது. மகள் நூல்கண்டு பிரித்த மாதிரி ஒல்லியாக ஓடினாள். பிள்ளைகள் அந்த வயசில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஏழாவதுதான் அடம்பிடித்தது. தட்டு வாங்கியதும் நூறைத் தொட்டது. திறந்தார்.

சமையலறை. கேமரா எங்கோ உயரத்தில்; யாரோ அணைக்க மறந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்க வேண்டும். அடுப்புக்கு முன்னால் ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆள். ஒல்லி. நெட்டை. கோடு போட்ட சட்டை.

ஃபோர்மேனுக்கு நெஞ்சுக்குள் ஒரு நட்டு கழன்று விழுந்தது.

அடுப்பு அவருடையது. அலமாரி அவருடையது. நீல மூடி போட்ட மூன்று டப்பாவும் அவருடையவை. அந்த அடுப்பு முன்னால் நிற்கிறவள் வேறு யாராக இருப்பாள்? முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெண்டாட்டிக்கும் இதே ஒல்லி உடம்புதான்.

ஃபைலில் தேதி இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அந்த மாசம் பூரா அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் போனால் ராத்திரி பத்துக்குத்தான் வீடு. படத்திலோ ஜன்னலில் சாயங்கால வெயில்.

மறுபடி ஓட்டினார். சத்தம் படத்துக்கு முன்னால் ஓடியது. அந்த ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சிரித்தாள்.

'பேசறதுக்கு முந்தியே சிரிப்பு வருதுன்னா, எத்தனை நாள் பழக்கமா இருக்கும்!'

"என்னங்க, முடிஞ்சிடுச்சா?" பெண்டாட்டி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

படாரென்று லேப்டாப்பை மூடினார். "இல்ல."

"ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான்."

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டாள்.

முகம் தெரிய வேண்டும். படத்தைப் பெரிதாக்கி மாற்றினால் தெரியும் என்று நினைத்தார். இருப்பதிலேயே பெரிய அளவைத் தேர்ந்தெடுத்தார். லேப்டாப் ஒன்றரை மணி நேரம் மூச்சு வாங்கியது, அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது. வந்தது என்ன? அந்த ஆளின் முகம் எட்டுச் செங்கல்லாக உடைந்திருந்தது.

ஃபைல் பெரிசானதுதான் கோளாறு, ஏதாவது ஒன்றைக் குறைத்துப் பார்க்கலாம் என்று நொடிக்கு இத்தனை படம் என்கிற ஃபிரேம் கணக்கைக் குறைத்தார். இப்போது படம் தாவித் தாவி ஓடியது. ஒரு தாவலில் அந்த ஆள் கதவருகே நின்றான். அடுத்த தாவலில் அவன் கை அவள் தோளில் இருந்தது.

"அடப்பாவி!" என்று எழுந்தே நின்றுவிட்டார் ஃபோர்மேன்.

சரி, பேசுவதையாவது கேட்போம் என்று சத்தத்தைப் பிடித்து இழுத்தார். வேகம் கூடிப்போய், இரண்டு பேரும் குருவி மாதிரி கீச்சிட்டார்கள். காதை ஒட்டவைத்துக் கேட்டதில் ஒன்று மட்டும் பிடிபட்டது.

"யாராவது வந்துட்டா?" என்றது பெண் குருவி.

"ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றது ஆண் குருவி.

வரமாட்டாங்களா! வர வேண்டிய ஒருத்தர் அவர்தானே. எங்கோ ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்திருப்பார் அந்த நேரத்தில். அது தெரிந்துதான் இவ்வளவு தைரியம்!

சமையலறைக்குப் போய் நின்றார்.

"கோடு போட்ட சட்டைக்காரன் எவன்டி?"

பெண்டாட்டி திரும்பினாள். "எந்தக் கோடு? எந்தச் சட்டை?"

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே அடுப்பு, இதே இடம். நான் ஷிஃப்டுக்குப் போனதும் வந்து நின்னவன்."

"கேஸ்காரனா?"

"கேஸ்காரன் தோள்ல கை வெப்பானா?"

அவள் கையில் இருந்த கரண்டி தரையில் விழுந்து மூன்று முறை குதித்தது.

"என்ன சொன்னீங்க?"

"வீடியோ இருக்கு."

"காட்டுங்க."

"காட்டமாட்டேன். பார்த்தா பதிலை யோசிச்சு வெச்சுக்குவ."

"ஃபோர்மேன்!" என்றாள். அத்தனை அடுக்கு டப்பாவும் ஒரு தரம் அதிர்ந்தது. "இந்த வீட்டுக்குள்ள உங்களைத் தவிர ஒரு ஆம்பளையை நான் உள்ள விட்டதில்ல. எங்க அண்ணன் வந்தாக்கூட வாசல்லயே நிக்க வெச்சு, 'அவரு வரட்டும்'னு சொல்லியிருக்கேன். உங்க சந்தேகப் புத்திக்குப் பயந்து!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் அழவில்லை. அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள். "எங்க அண்ணனைக் கூப்பிடுங்க. ஸ்டூடியோவுக்குப் போவோம். ஊர் பார்க்கட்டும். நான்னு தெரிஞ்சா நானே வெளிய போயிடறேன். இல்லன்னா நீங்க போகணும்."

ஃபோர்மேன் இதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் பதினைந்தே நிமிஷத்தில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாயை மூட மறந்துபோனார்.

"என் தங்கச்சியையா? மாப்பிள்ளை, உங்களுக்கு மூளை கழண்டுடுச்சா?"

"வீடியோ பேசும்."

லேப்டாப்பையும் கேமராவையும் தலையணை உறைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஃபோர்மேன் முன்னால் நடந்தார். பத்தடி பின்னால் பெண்டாட்டி. நடுவில் மச்சான், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

ஸ்டூடியோவை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தாள். பழைய கல்யாண கேசட்டுகளை மாற்றிக் கொடுத்துக் கொடுத்து கண்ணாடி தடித்துப்போன பெண்.

"காப்பி எடுக்கக் கூடாது" என்றார் ஃபோர்மேன்.

"எடுக்கமாட்டேன் ஐயா."

"எடுக்கறவனும் இதையேதான் சொல்லுவான்."

ஸ்டூடியோப் பெண் அவர் மாற்றிய படத்தை ஓடவிட்டாள். ஒல்லி ஆள் தாவினான். பெண்டாட்டி கண்ணாடியைக் கொண்டுவர மறந்திருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மச்சானோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எவனோ ஒருத்தன் இருக்கானேம்மா" என்றார் தங்கச்சியிடம், குரலே எழும்பாமல்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டூடியோப் பெண் மட்டும் சிரித்தாள். "ஐயா, இந்தக் கேமரா அகலமாத்தான் படம் எடுக்கும். ஆனா 'இது அகலப் படம்'னு ஃபைல்ல எழுதி வெக்காது. ஓசி சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. பழைய டிவி அளவுக்கு ரெண்டு பக்கமும் நசுக்கிடும். படத்துல இருக்கற எல்லாரும் ஒல்லியாயிடுவாங்க. ஒரிஜினலைக் குடுங்க."

கேமராவிலிருந்து நேராக எடுத்தாள். ஒரே ஒரு டிக் போட்டாள். இரண்டு நிமிஷம்.

படம் அகலமாக விரிந்தது. அடுப்பு விரிந்தது. டப்பாக்கள் விரிந்தன. ஒல்லி ஆளுக்குத் தோள் வந்தது, கழுத்து போனது, சட்டைப் பொத்தான்கள் இழுத்துப் பிடிக்க வயிறு வந்தது. அவன் கேமரா பக்கம் திரும்பினான். மீசை. உருண்டை மூக்கு. மேல் வரிசையில் அந்த உடைந்த பல்.

ஸ்டூடியோப் பெண் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

மச்சான் படத்தைப் பார்த்தார். ஃபோர்மேனைப் பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "யோவ், அது நீருய்யா!"

"நானா?" ஃபோர்மேன் மூக்கு திரையில் இடிக்கும் வரை குனிந்தார். "நான்தான். அட, நானேதான்!"

"தன் மேலயே சந்தேகப்பட்ட ஒரே புருஷன் இந்த உலகத்துல நீருதான்" என்றார் மச்சான்.

பெண்டாட்டி அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். "பாவி மனுஷா... ஒரு மணி நேரத்துல என்னைக் கொன்னுட்டீங்களே... உங்க தொப்பை உங்களுக்கே அடையாளம் தெரியலையா?"

ஃபோர்மேனும் சிரித்தார். வாய் விட்டு, வயிறு குலுங்க. பணிமனையில்கூட அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி திரையைப் பார்த்தார். ஷிஃப்டுக்கு மட்டம் போட்டு வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"போதும்மா" என்றார். "மூடு. நல்லாத்தான் வந்திருக்கு. அழிச்சிடு. ஒரிஜினலையும் சேர்த்து அழிச்சிடு."

ஸ்டூடியோப் பெண் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினாள். திரையை ஒரு தரம் பார்த்தாள், ஸ்டூலில் இருந்த அம்மாவை ஒரு தரம் பார்த்தாள்.

"அது ஐயாதான், சரி. ஆனா பக்கத்துல நிக்கற குண்டுப் பொம்பளை இந்தம்மா இல்லையே?"