மாட்டுக்கொட்டகையில் ஒரு பூதம்

கதைக்கு இடம் முக்கியம் என்று சொல்கிறவர்கள் யாரும், கதை எழுதி மாட்டுக்கொட்டகையை இழந்தவர்கள் அல்ல. நான் இழந்தவள்.

எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். (ஆண்களையும் சேர்த்துத்தான்.) அந்தத் திமிரில் மாயாஜாலக் கதை எழுதினேன். முதல் கதை பனிமலை உச்சியில், பளிங்கு அரண்மனையில் நடந்தது. செஞ்சி வெயிலில் உட்கார்ந்து எழுதியதாலோ என்னவோ, என் இளவரசி பனியில் நின்றுகொண்டு விசிறிக்கொண்டாள். பத்திரிகையிலிருந்து கதை திரும்பி வந்தது. "தெரிந்த இடத்தை வைத்து எழுதவும்" என்று ஒரு வரி.

அவ்வளவுதானே! எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டையில் புறப்படும் ஒரு சுரங்கம், ஊருக்கு அடியில் ஓடி, ஒரு மாட்டுக்கொட்டகையில், ஒற்றைக்கொம்பு எருமையைக் கட்டும் முளைக்குச்சிக்குக் கீழே முடிவதாக எழுதினேன். அங்கே பொற்குடங்களுக்குப் பூதம் காவல். கோணல் வேப்பமரம், விரிசல் விட்ட கழனித்தொட்டி, எதையும் விடவில்லை. எல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்கள். அச்சில் வந்துவிட்டது.

அப்போது அப்பா (எங்களுக்கு நைனா) என்னை விழுப்புரத்துக்கு டீச்சர் டிரெயினிங் அனுப்ப முக்கால்வாசி சம்மதித்திருந்தார். மீதிக் கால்வாசியைப் பிடித்துத் தொங்கியவர் எதிர் வீட்டுத் தாய்மாமா. இவர்களையும் அம்மாவையும் உட்காரவைத்து, கதையை ஏற்ற இறக்கத்தோடு படித்துக்காட்டினேன். மெச்சுவார்கள் என்று நிமிர்ந்தால், மூவரும் கொட்டகைப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை மாமா கடப்பாரையோடு நின்றார். அம்மா எருமையை வேப்பமரத்துக்கு மாற்றி, அந்த ஒற்றைக் கொம்பில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தாள்.

"ஐயோ நைனா, அது கற்பனை!"

"அப்டின்னா?"

"பொய்."

"அச்சுல போட்டிருக்குதே?"

"பொய்னு தெரிஞ்சுதான் போட்டாங்க."

நைனா யோசித்தார். "வேப்பமரம் பொய்யா?"

"இல்ல, நெசம்."

"எருமை?"

"நெசம்."

"கழனித்தொட்டி விரிசலு?"

"நெசம் நைனா."

"இவ்ளோவும் நெசமா இருக்கும்போது பூதம் மட்டும் எப்டிம்மா பொய்யாவும்?"

நான் படித்த படிப்பு மொத்தத்திலும் இதற்குப் பதில் இல்லை. (இன்றும் இல்லை.) அதைவிட மோசம், நானே முளைக்குச்சியை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

"இன்னா மச்சான் யோசன? பொய்யின்னா படிப்பு இத கெடுத்துடுச்சு, அனுப்பாத. நெசம்னா பொதையல் இருக்குது, டிரெயினிங் எதுக்கு? அப்பவும் அனுப்பாத" என்றார் மாமா. எப்படிப் புரட்டினாலும் அடி எனக்குத்தான்.

பேசிக்கொண்டே தோண்டினார். நடுக்கால் சாய்ந்தது. கூரை ஒரு பெருமூச்சு விட்டு அவர்மேல் உட்கார்ந்தது. பனையோலைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு குரல்: "ஆழம் பத்தல!"

வெளியே வந்தவரின் கண், அடுத்து எங்கே தோண்டலாம் என்று, எங்கள் வீட்டுச் சுவர்மேல் போயிற்று. எழுதுகிறவள் என்ன செய்வாள்? இடத்தை மாற்றினேன்.

"மாமா, உண்மையச் சொல்லிடறேன். கதைன்னா எடத்த மாத்தித்தான் எழுதுவாங்க. நெசமான எடம் எங்க ஊடு இல்ல."

"பின்ன?"

"உங்க ஊட்டு அடுப்பங்கரை. அம்மிக்குக் கீழ."

மாமா தெருவைத் தாண்டி ஓடினார். அப்புறம் அத்தையின் குரல் கிளம்பியது: "அம்மி மேல கைய வெச்சே, அந்தக் கை இருக்காது!" முதலில் கடப்பாரை வெளியே வந்து விழுந்தது. அடுத்து மாமா.

நைனா எதிர் வீட்டையும் விழுந்த கொட்டகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெளம்பும்மா விழுப்புரத்துக்கு. நீ இங்க ஒக்காந்து இன்னொரு கதை எழுதினா, ராஜா கட்டின கோட்டையும் தாங்காது."

இப்படியாக நான் டீச்சர் ஆனேன். கொட்டகைக் குழி எருக்குழி ஆயிற்று. "சாணிய பூதத்துல கொட்டு" என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறாள். விடுமுறைக்கு வந்து நான் பேனாவைத் திறந்தால் போதும், எதிர் வாசலிலிருந்து அத்தை கத்துவாள்:

"ஏண்டி, இந்தக் கதை யார் ஊட்டுல நடக்குது? முன்னாடியே சொல்லிடு, அம்மிய எடுத்து வெச்சிக்கறேன்!"