கதவு வைத்த தொப்பி

தொப்பி அழகாக வந்துவிட்டது. கெஸினேயின் கவலையே அதுதான்.

வெள்ளிக்கிழமை லூட்கருக்கு டாக்டர் பட்டத் தேர்வு. தேறியதும், கூட வேலை செய்கிறவர்கள் கையால் செய்த தொப்பியை அவன் தலையில் கவிழ்த்து, கைவண்டியில் உட்காரவைத்து, சந்தைச் சதுக்கத்து வாத்துக்காரி சிலைவரை இழுத்துப் போவார்கள். அவன் மேலே ஏறிச் சிலைக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும். முத்தம் கொடுக்காதவனைக் கோட்டிங்கன் ஊர் டாக்டராகவே மதிக்காது. அந்தத் தொப்பியைச் செய்யும் பொறுப்பு, போயும் போயும், கெஸினேயின் தலையில் விழுந்தது.

அவனுக்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள் அவள். இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி: இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைய வாசலாக நிற்கிற புரதம். ஓர் எலியின் இதயத்தைத்தான் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவள் பங்குச் செல்கள் மத்தியானத்துக்குள் சுருண்டு செத்துப்போகும். அவனுடையவை சாயங்காலம்வரை ஜம்மென்று துடிக்கும்.

"உன்னோடது இன்னைக்கும் போச்சா? பாவம். என்கிட்ட நிறைய இருக்கு, எடுத்துக்கோயேன்" என்பான் லூட்கர். அந்தப் 'பாவம்' தான் அவளால் தாங்க முடியாதது.

தேர்வாளராக உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியை டெர்ப்ஸ்ட்ரா வருகிறார். அவரிடம் ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. கெஸினே தவம் கிடந்த வேலை. அது லூட்கருக்குத்தான் என்று காபி மெஷினுக்குக்கூடத் தெரியும்.

தொப்பியை ஏனோதானோவென்று ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். பாழாய்ப்போன கைக்கு அது தெரியவில்லை. கறுப்பு அட்டைத் தொப்பி, அதன் உச்சியில் வட்டமாக நான்கு காகிதக் குழல்கள், நடுவே ஓட்டை, ஓட்டைக்கு அடியில் ஒரு கதவு. நிஜக் கதவைத் திறக்கும் மின்சாரத் தூண்டலுக்குப் பதில் ஒரு கயிறு. இழுத்தால் கதவு திறந்து, கால்சியமாக நடிக்கும் சர்க்கரை உருண்டைகள் விழும். ரப்பர் பேண்ட் கதவை மறுபடி மூடிவிடும்.

உருண்டைப் பொட்டலத்தோடு வந்த, அதே ஆய்வுக்கூடத்துத் தோர்பென் விசிலடித்தான். தொப்பிக்காக அவன் செய்த ஒரே உபகாரம் அந்தப் பொட்டலம் வாங்கியதுதான். "அடேயப்பா! லூட்கர் அழுதுடுவான்!"

அவன் போனதும் ஒரு குழலை நசுக்கி, இன்னொன்றைக் கோணலாக்கினாள்.

கேக் தட்டை எடுக்கத் திரும்பி வந்த தோர்பென் குனிந்து பார்த்தான். "நீ கில்லாடிதான்! நிஜப் புரதத்துலயும் நாலு பாகமும் ஜாடையிலதான் ஒண்ணு, அச்சு அசல் இல்லையே!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டையின் வாயில் சிவப்புப் பெயிண்டைத் திட்டுத்திட்டாக அப்பினாள்.

"கால்சியத்தை மட்டும் ஆள் பார்த்து உள்ள விடுற இடம்! அதையும் விடலையா நீ?" என்றான் தோர்பென்.

"உனக்கு வேற வேலையே இல்லையாடா? போய்த் தொலை!"

தேர்வன்று காலை, லூட்கர் உள்ளே சரளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது கதவு வழியே கேட்டது. டெர்ப்ஸ்ட்ராவின் சிரிப்பும் கேட்டது. கெஸினே தொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். ரப்பர் பேண்டைப் பிடுங்கி எறிந்தாள். மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து, கதவு திறந்தால் திறந்தபடியே ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஓட்டையின் ஓரத்தில் அப்பினாள். பொட்டலம் மொத்தமும் அவன் தலையில் கொட்டட்டும். வேலை கிடைக்கட்டும், மானமாவது போகட்டும்.

தேறி வெளியே வந்தவன் தலையில் தொப்பியைக் கவிழ்த்தார்கள். எல்லோரும் கைதட்ட லூட்கர் கயிற்றை இழுத்தான். கதவு திறந்தது. நாலைந்து உருண்டைகள் விழுந்தன. அடுத்தது சூயிங்கத்தில் ஒட்டியது, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. வாசல் கப்பென்று அடைத்துக்கொண்டது.

கைதட்டியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிஜ இதயத்திலும் இதேதான். உள்ளே வந்த கால்சியமே கதவைச் சாத்த வைக்கும். சாத்தாவிட்டால் இறுகின தசை நேரத்துக்குத் தளராது.

டெர்ப்ஸ்ட்ரா தொப்பியைக் கழற்றினார். சூயிங்கம் லூட்கரின் சுருட்டை முடியையும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு வந்தது. "ஆ!" என்றான் அவன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்தச் சூயிங்கத்தை உற்றுப் பார்த்தார்.

"யார் செஞ்சது இது?"

குரல் கறாராக இருந்தது. சூயிங்கத்தில் தன் பல் தடம் இருக்குமே என்று கெஸினே கேக் மேஜைப் பக்கம் நகர்ந்தாள். அவர் பார்வை வேறு அவள் பக்கமே திரும்பியது.

"தோர்பென்!" என்றாள்.

"கதவை மூட ரப்பர் பேண்ட் ஏதும் வைக்காம விட்டதும் அவர்தானா?"

"எல்லாமே அவன்தாங்க. சத்தியமா நான் கத்தரிக்கோலைக்கூடத் தொடலை."

தோர்பென் வாய் நிறைய பிளம்ஸ் கேக்கோடு ஏதோ சொல்ல வந்தான். அவள் அவசரமாக இன்னொரு துண்டை அவன் வாயில் திணித்தாள். வேறு வழியில்லாமல் அவன் தலையாட்டினான். டெர்ப்ஸ்ட்ரா அவன் தோளில் கைபோட்டு ஜன்னல் பக்கம் ஓரங்கட்டினார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று கெஸினே மூச்சு விட்டாள்.

சதுக்கத்தில் லூட்கர் சிலைமேல் ஏறி முத்தம் கொடுத்தான். கூட்டம் ஆரவாரித்தது. ஒயின் கிளாஸோடு டெர்ப்ஸ்ட்ரா பக்கத்தில் வந்து நின்றார். கெஸினேக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ லூட்கர் எப்ப உட்ரெக்டுக்கு வரான்?"

"அவர் எங்க வராரு? அப்பாவோட மருந்துக்கடையப் பாத்துக்கப் போறாராம். தனக்குப் பதிலா யாரோ கெஸினேவாம், அவங்கள எடுத்துக்கங்க, தொப்பியும் அவங்கதான் செய்றாங்க, பாத்தாலே புரியும்னு ஒரே நச்சரிப்பு" என்று சிரித்தார் டெர்ப்ஸ்ட்ரா. "நல்லவேளை, யார் செஞ்சதுன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். வேலைய அந்தத் தோர்பென் தம்பிக்கே குடுத்துட்டேன்."