லோசிக்காரன் சொன்ன சாவுச் செய்தி

யானைக் கூட்டம் பாதையைக் கடந்துபோய்ப் புழுதி அடங்கியதும் வழிகாட்டி லுபாசி ஆட்களை எண்ணினான். லுசாகாவிலிருந்து சைக்கிள் சுற்றுலாவுக்கு வந்த ஐந்து பேரும் முழுசாக இருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் காவலாக வரவேண்டிய ஹமூங்காவைத்தான் காணோம்.

"வழியில ஏதாவது பசுமாட்டைப் பாத்திருப்பான். டோங்காக்காரன் மாட்டைப் பாத்தா பொண்டாட்டியையே மறந்துடுவான்" என்று சிரித்துச் சமாளித்தான்.

"அதோ அது யாரு சைக்கிள்?" என்றாள் தாண்டிவே. ஐவரில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

ஹமூங்காவின் சைக்கிள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. ஆள் இல்லை.

லுபாசி அந்தச் செருப்பைக் கையில் எடுத்தான். "எல்லாரையும் பத்திரமா அருவிக்குக் கொண்டுவந்து சேர்த்துடு, நாளையிலிருந்து நீதான் குழுவுக்கு நிரந்தரத் தலைவன்" என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார். மூன்று வருடமாகக் காத்திருந்த வேலை. வேலை கிடக்கட்டும், ஹமூங்கா ஏழு வருடமாகக் கூடவே மிதித்தவன் ஆயிற்றே! ஹமூங்காவின் போன் அணைந்து கிடந்தது. அலுவலகத்துக்கு போன் போட்டான், லைன் கிடைக்கவில்லை. அங்கே யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹமூங்காவின் பேரைச் சொல்லிக் கத்திக் கத்திப் பார்த்தும் பதில் இல்லை. நொறுங்கிய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வனக்காவல் சாவடிக்கு ஓடினான். காவலர் மவீம்பா பல்குத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஹமூங்காவை யானை மிதிச்சிடுச்சு!"

"நீ லோசிதானே?"

"ஆமாய்யா."

"நான் டோங்கா. செத்தவனும் டோங்கா. வேற ஆளைப் பாரு மச்சான்."

லோசி, டோங்கா என்ற இரண்டு இனத்துக்கும் நடுவில் பரம்பரையாகக் கேலி முறை. சாவு வீட்டில்கூட ஒருவரையொருவர் கிண்டலடிக்கலாம். கோபித்துக்கொள்கிறவன்தான் மரியாதை கெட்டவன். அதிலும் லுபாசி லேசுப்பட்ட ஆளில்லை. போன மாதம்தான் ஹமூங்காவின் காலை முதலை கவ்விவிட்டது என்று சொல்லி, அவன் மனைவி சூல்வேயை ஆற்றங்கரை வரைக்கும் தலைவிரிகோலமாக ஓடவைத்திருந்தான். ஊரே சிரித்தது.

"சத்தியமா சொல்றேன்யா! சைக்கிளைப் பாருங்க!"

"சைக்கிள் இருக்கு, ஆளைக் காணோம். யானை தின்னுடுச்சாக்கும்? போய்யா! அவன் பொண்டாட்டி சொல்லட்டும், துப்பாக்கியைத் தூக்கிட்டு நானே தேடி வர்றேன்."

வேறு வழியில்லை. லுபாசி சூல்வேக்கு போன் அடித்தான்.

"தங்கச்சி, மனசைத் திடப்படுத்திக்க..."

"என்னய்யா லோசி மீன்தின்னி, இன்னிக்கு எது? மறுபடியும் முதலையா?"

"யானை, தங்கச்சி..."

"அடேங்கப்பா! தடவைக்குத் தடவை மிருகம் பெருசாயிட்டே போகுதே!"

லுபாசி வாய்விட்டே அழுதுவிட்டான்.

"அட அட அட! போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை. இருய்யா, பக்கத்து வீட்டுக்காரிங்களும் கேக்கட்டும்."

போனுக்குள் ஏழெட்டுப் பெண்கள் கெக்கலி கொட்டினார்கள். தாண்டிவே பொறுக்க மாட்டாமல் போனைப் பிடுங்கினாள். "அம்மா, என் பிள்ளைங்க மேல ஆணையா சொல்றேன்..."

"பாத்தீங்களாடி, இந்தத் தடவை பொம்பளை வேஷத்துக்கும் ஆள் பிடிச்சிருக்கான்! யம்மா, அந்த லோசிக்காரன்கிட்ட சொல்லு. மாட்டுக்குடல் வேகுது, பொழுதோட அவரை அனுப்பி வைக்கச் சொல்லு. அவனும் வந்து தின்னுட்டுப் போகட்டும்."

அந்தக் குடல் குழம்பு அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பே லுபாசியின் நெஞ்சை அறுத்தது. இதுவரை சொன்ன பொய்யெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து குரல்வளையைப் பிடிக்கிறதே என்று நொந்துபோனான்.

"பொண்டாட்டியே சிரிக்கிறா" என்று மவீம்பா நோட்டைப் பிரித்தார். "கேலி பண்றதுக்காகக் கம்பெனி சைக்கிளையே நொறுக்கியிருக்கே. உன் பேரை எழுதிக்கிறேன். முதலாளிக்குப் போகும்."

நிரந்தர வேலைக்கும் அத்தோடு முழுக்கு. லுபாசி ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு அருவி வாசலுக்கு மிதித்தான். இடி இடிப்பதுபோல் அருவி முழங்கியது. சாரல் வந்து முகத்தில் அடித்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் சிலுஃப்யா என்று பெயர் அட்டை குத்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேரைப் பார்த்தாலே தெரிந்தது, பெம்பா இனத்துக்காரி! அவளுக்கும் லோசிக்கும் எந்தக் கேலி முறையும் கிடையாது. இவளாவது நம்புவாள் என்று அவனுக்கு உயிர் வந்தது.

"அம்மா, என் பேரு லுபாசி. எங்ககூட வந்த ஒருத்தரை யானை..."

சிலுஃப்யா வீலென்று கத்தியபடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"லுபாசியைத்தானே யானை மிதிச்சுக் கொன்னுடுச்சு? ஹமூங்கான்னு ஒருத்தர் லாரியில ஏறி வந்து இங்கதான் விழுந்து புரண்டு அழுதாரு, உங்க முதலாளியும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, உங்க இடத்துல அவரையே நிரந்தரத் தலைவரா போட்டு, மிச்ச அஞ்சு பேரைத் தேடி இப்பத்தான் அனுப்பி வச்சாரு!"