மசித் தீர்த்தம்

பேய்க்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை நான் கவனித்து வைத்திருக்கிறேன். எல்லோரும் வீட்டில் நாலு பேருக்கு நடுவில் படுத்துத் தூங்குகிறவர்கள். ஒண்டியாக ஒரு மாடி அறையில் ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிட்டு வந்து சிரிக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

காரைக்காலிலிருந்து நான் புதுச்சேரிக்கு வந்தது பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஜவுளி மண்டியில் குமாஸ்தா வேலைக்கு. அப்போது பிரெஞ்சுக்காரன் காலம். எனக்கு மீசை சரியாக முளைக்காத காலம். (இரண்டுமே பிறகு சரியாகிவிட்டன.) ராயப்பன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்த ஊரில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மண்டியில் நான் ‘காரைக்காலான்’. கீழ்வீட்டு அம்மாவுக்கு நான் வெறும் ‘மாடி’. “மாடி, தண்ணி வந்துடிச்சி” என்பார்கள். மாடிக்குத் தண்ணீர் வந்ததா, மாடியில் இருப்பவனுக்கு வந்ததா என்று யோசித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்தால் மறுபடி திங்கட்கிழமை வரை வாயைத் திறக்க வேலை கிடையாது. சாயங்காலம் கடற்கரைக்குப் போவேன். குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். நானும் ஏதோ ஒரு குடும்பத்துக்குப் பின்னால், அவர்களோடு வந்தவன் மாதிரி கொஞ்ச தூரம் நடப்பேன். அவர்கள் திரும்பிப் பார்த்தால் வேறு குடும்பம்.

அப்படி ஒரு நாள் கப்பல் பாலத்துக்குப் பக்கத்துக் கட்டைச்சுவரில் மூன்று பேர் பேசியது காதில் விழுந்தது.

“பொணம் எங்க இருக்குது?”

“இன்னும் கெணத்துலதான்.”

“நான் எடுத்துட்டேனே. நீ என்னா இன்னும் அங்கியே நிக்கறே?”

மூன்று கொலைகாரர்கள்! போலீசுக்கு ஓட வேண்டியவன் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சுவரில் அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொலைகாரர்களாக இருந்தால் என்ன, எவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொள்கிறார்கள்!

கொலை இல்லை, கதை. மூவரும் பேய்க்கதைப் பைத்தியங்கள். ஒருவர் தையற்காரர் கோவிந்தன். இன்னொருவர் மருந்துக்கடைக் கம்பவுண்டர் அருளப்பன். மூன்றாமவர் சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர். எந்நேரமும் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பட்டணத்திலிருந்து ஒரு பேய் நாவல் வந்தால் மூவருக்கும் ஒரே பிரதிதான். ஒருவர் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுக்க மாட்டார்கள். அதனால் கோவிந்தன் தன் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்து, புத்தகத்தைப் பாகம் பாகமாகக் கூறுபோட்டு விடுவார். ஆளுக்கொரு பாகம். படித்ததும் கை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவன் கதையின் தொடக்கத்தில் இருப்பான், இன்னொருவன் முடிவில் இருப்பான். ஞாயிறு தோறும் சுவரில் கூடி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். விதி ஒன்றுதான்: முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்கு எதையும் சொல்லக் கூடாது. கூப்பிடுவதும் கையில் இருக்கும் பாகத்தை வைத்துத்தான். வீட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ யாரும் யாரையும் கேட்டதில்லை.

அடுத்த நாவல் வந்தபோது கோவிந்தன் அதை நாலாக வெட்டினார். எனக்கு மூன்றாம் பாகம். என் வாழ்வில் அவ்வளவு பெரிய பதவி அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

ஆனால் மூன்றாம் பாகத்திலிருந்து பேய்க்கதையைத் தொடங்குவது பற்றி என்னை யாரும் எச்சரிக்கவில்லை. முதல் வரியிலேயே பேய் ஊருக்குள் வந்தாகிவிட்டது. யார் செத்தது, ஏன் செத்தது, எல்லாம் கோவிந்தனிடம். எனக்குக் கிடைத்தது சாவு மட்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வெள்ளை உருவம், கையில் கஞ்சிக் கலயத்தோடு வரும். கதவைத் தட்டும். பேர் சொல்லிக் கூப்பிடும். மூன்றாம் தடவை கூப்பிட்டால் தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்ளும். அதன்பிறகு அந்த வீட்டில் கஞ்சி குடிக்க ஆளிருக்காது. என் பாகம் அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, “என்னா மூணாம் பாகம், எங்க இருக்கே?” என்றார் முசியே. அவர் கையில்தான் கடைசிப் பாகம்.

“முடிச்சிட்டேன் முசியே. அது நெசமாவே பேயிதானா?”

“அது என் பாகத்துல இருக்குது” என்று சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. தூங்காததில் ஜுரம் வந்தது. ஜுரத்தில் அடுத்த ஞாயிறு பூசைக்கும் போகவில்லை, சுவருக்கும் போகவில்லை. விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போர்வைக்குள்ளே புகுந்துகொண்டு, வெளியே மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சரியாக விளக்கு வைக்கும் நேரம்.

கதவு தட்டப்பட்டது.

என் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். அந்த அறைக்கு நான் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. கீழ்வீட்டு அம்மாகூடப் படிக்கட்டில் நின்று கத்துவார்களே தவிர ஏறி வந்ததில்லை. மனிதர் யாரும் தட்டாத கதவை இப்போது ஏதோ தட்டுகிறது. ஆகவே தட்டுவது மனிதர் இல்லை. (இந்தத் தர்க்கத்தில் இன்றைக்கும் எனக்கு ஓட்டை தெரியவில்லை.)

“ராயப்பா...”

எஞ்சியிருந்த சந்தேகமும் தீர்ந்தது. இந்த ஊரில் என் பெயர் எந்த உயிருள்ள ஜீவனுக்கும் தெரியாதே!

“ராயப்பா, கதவத் தொற.”

இரண்டாம் தடவை. மூன்றாவதைக் கூப்பிட விடக் கூடாது. எங்கள் அம்மா ஊரிலிருந்து அனுப்பியபோது கோவில் தீர்த்தம் ஒரு புட்டியில் கொடுத்திருந்தார்கள், அலமாரியில் இருந்தது. எழுந்த வேகத்தில் விளக்கைத் தட்டி அணைத்துவிட்டேன். இருட்டில் துழாவிப் புட்டியை எடுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், பரலோக மந்திரத்தில் பாதியையும் பாவசங்கீர்த்தனத்தில் பாதியையும் கலந்து சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, எதிரே நின்ற வெள்ளை உருவத்தின் மேல் புட்டி முழுவதையும் வீசினேன்.

பேய் பிரெஞ்சில் ஒரு வசவு வைதது. பட்டாளத்து வசவு. புதுச்சேரிப் பேய்க்குப் பிரெஞ்சு தெரியாமலா இருக்கும் என்று அப்போதும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

கீழ்வீட்டு அம்மா குரல் கொடுத்தார்கள்: “மாடி, என்னாப்பா அங்க சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா, தம்பி கையெழுத்துப் போடறாரு” என்றது பேய்.

கண்ணைத் திறந்தேன். முசியே நின்றிருந்தார். தொப்பியிலிருந்து கால்சட்டை வரை ஒரே மசி, சொட்டுச் சொட்டாக. தீர்த்தப் புட்டிக்குப் பக்கத்தில்தான் என் மசிப்புட்டியும் இருந்தது என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவர் ஒரு கையில் தூக்கு. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “கஞ்சியில மசி விழல” என்றார் நிம்மதியாக.

“எம் பேரு எப்டி முசியே...”

“மொத நாளு நீதான சொன்னே. வீட்டையுந்தான்.”

உள்ளே வந்து உட்கார்ந்தார். விளக்கை அவரே ஏற்றினார். அப்போதுதான் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தேன். நாலாம் பாகம். அச்செழுத்து ஒன்று பாக்கியில்லை, எல்லாம் மசிக்குள் முழுகிவிட்டது.

“போன வாரம் உன் மூஞ்சப் பாத்தேன்” என்றார். “முடிவப் படிச்சிட்டா நல்லா தூங்குவேன்னு எடுத்தாந்தேன். விதிய மீறக் கூடாதுதான். இன்னா பண்றது, சுவத்துல உன் எடம் காலியா கெடந்துச்சி.”

அவர் போனபிறகு நான் கஞ்சியைக் குடித்தேன். குடித்தவன் ஏன் அழுதான் என்று கேட்காதீர்கள். ஜுரம்.

ஜுரம் விட்டதும் வேறு பயம் பிடித்தது. கோவிந்தனும் அருளப்பனும் முடிவைப் படிக்கவில்லை. பேய்க்கதைப் பைத்தியத்திடமிருந்து முடிவைப் பறித்தவனை யார் மன்னிப்பார்கள்? என்னிடம் இந்த ஊரில் இருந்ததே அந்தச் சுவரில் ஒரு முழ இடம்தான். அதுவும் போயிற்று என்று முடிவு செய்து, மறுவாரம் கடற்கரையின் அந்தக் கோடியில் ஏதோ ஒரு குடும்பத்துக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினேன்.

பின்னாலிருந்து யாரோ ஓடி வந்தார்கள். அருளப்பன்.

“அங்க இன்னா ஊர்வலம் போறே? வா, முசியே இட்டாரச் சொன்னாரு.”

போனேன். முசியே வேறொரு வெள்ளைக் கோட்டில் இருந்தார். கோவிந்தன் கத்தரிக்கோல் காய்த்த விரலால் என்னைச் சுட்டி, “இனிமே இவனுக்கு மொதல் பாகம்தான். முடிவுகிட்ட உடக் கூடாது” என்றார். சொல்லிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார். “ஒக்காரு, ராயப்பா.”

முடிவு இனி முசியேயின் மண்டைக்குள் மட்டும்தான் என்பதால் அவர் வாயாலேயே சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை பேய் என்பது பக்கத்து வீட்டுக்காரன். அடுத்த ஞாயிறு கோவிந்தன் சந்தேகம் கேட்டபோது, பேய் ஒரு பைத்தியக்கார வைத்தியன். அதற்கடுத்த வாரம் அது நிஜப் பேயே. ஆனால் ஒரு குமாஸ்தா மசி ஊற்றியதில் ரோஷப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டதாம். அசல் முடிவை அவர் கடைசிவரை சொல்லவில்லை. கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பிறகு ஒவ்வொருவராக மற்ற இருவரும்.

ஆனால் போவதற்கு முன் அருளப்பன் ஒரு காரியம் செய்தார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் இந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கல்யாணமான மறுவாரம் நான் தாழ்போட்டிருந்த கதவை என் மனைவி தட்டி, “நான் மனுஷிதான், மசியக் கீழ வைங்க” என்றாள். அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள், மருமகன், தபால்காரர்வரை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் ‘மனுஷந்தான்’ என்று அறிவித்துவிட்டுத்தான் நிற்பார்கள்.

பிள்ளைகள் இப்போது ஆளுக்கொரு ஊரில். அவள் மார்க்கெட்டுக்குப் போன சாயங்காலங்களில், விளக்கு வைக்கும் நேரத்தில், கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தாழ்ப்பாள் போடுவதில்லை. யாரும் தட்டுவதுமில்லை. மனுஷன் இல்லாவிட்டால் பரவாயில்லை. வெள்ளையாக எதுவாவது வந்து நின்றால்கூட, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, “இப்போ எந்தப் பாகம் படிக்கிறீங்க?” என்று கேட்பேன்.